கொள்ளி வைத்தவருக்கு

திருப்புலிவனம்
12 ஜூன் 2021

அன்புள்ள குமுதாவுக்கு,

உடம்பைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். நீ அதைத்தான் முதலில் தேடுவாய். காய்ச்சல் விட்டுவிட்டது. இருமல் படுத்தால் மட்டும் வருகிறது. நாக்கில் ருசி இன்னும் திரும்பவில்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்க வீட்டில் வேறு ஆள் இல்லாததால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அங்கே நீயும் வினோத்குமாரும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் அண்ணன் போய் இன்றோடு இருபத்து நான்கு நாள். போனில் மோகன்குமார் சொன்ன செய்தி மட்டும்தான் உனக்குக் கிடைத்திருக்கும். விவரம் எழுத வேண்டியது என் கடமை.

மே இருபதாம் தேதி விடியற்காலை நாலரை மணிக்கு மூச்சு நின்றது. ஆஸ்பத்திரியில் இடம் இல்லை என்று மூன்று நாள் முன்பே சொல்லிவிட்டார்கள்; ஆகவே வீட்டில்தான். அதிகம் சிரமப்படவில்லை. அன்று காலையே எல்லாம் முறைப்படி முடிந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறை தெரியாமல் உன் தம்பி மகன் மோகன்குமார் கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் காரியம் பங்காளிகள் எட்டுப் பேரோடு நடந்தது. அவனுக்கு உருமா கட்டினார்கள். தலைப்பாகை இரண்டு முறை அவிழ்ந்தது. இந்தக் காலத்தில் ஒருவருக்கும் கட்டத் தெரிவதில்லை.

எழுத வேறொன்றும் இல்லை. சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போடு.

தாயாரம்மாள்


பிலாய்
29 ஜூன் 2021

அன்புள்ள அண்ணிக்குக் குமுதவல்லி வணக்கம் சொல்லி எழுதுவது.

உங்கள் கடிதம் பதினைந்து நாள் கழித்து வந்தது. நாங்கள் மூவரும் இருக்கிறோம். எனக்கு முழங்கால் வலி. அது கொரோனாவுக்கு முன்பே வந்தது, ஆகவே அதை நோயாக யாரும் மதிப்பதில்லை. நீங்கள் தனியாகச் சமைத்துக்கொள்வதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டு வேலைக்கு மார்த்தாளை எப்போது விடுவார்கள்? அவள் தெருவுக்கு வைத்த தடுப்பை எடுத்துவிட்டார்களா?

அண்ணி, போனில் பேசினால் உங்களுக்குக் காது பிடிப்பதில்லை. அதனால் எழுதிக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அண்ணனுக்கு என்ன வேட்டி கட்டினீர்கள்? கூடத்தில் கிடத்தினீர்களா? தூக்கினவர்கள் யார் யார்? காட்டுக்குப் போய் வந்தவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஆள் இருந்ததா? அந்த வெயிலில் எப்படித்தான் போனார்களோ.

என்னால் வர முடியவில்லை. ரயில் இல்லை, பாஸ் இல்லை. எனக்கு இருந்த ஒரே அண்ணனுக்கு வாய்க்கரிசி போட முடியாமல் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து ஒரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். கொள்ளி வைத்தவருக்கு, இறந்தவரோடு கூடப்பிறந்தவள் வேட்டி துண்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்பா போனபோது அத்தைதான் அண்ணனுக்கு எடுத்தாள். அதையாவது நான் செய்ய வேண்டும். தபால் ஒழுங்கானதும் அனுப்புகிறேன்.

உங்கள் நினைவாகவே இருக்கும்,
குமுதா


திருப்புலிவனம்
25 ஜூலை 2021

அன்புள்ள குமுதாவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. ருசி பாதி வந்திருக்கிறது: புளிப்பு தெரிகிறது, இனிப்பு தெரியவில்லை. உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்காமல் மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில். பச்சைக் கரை வேட்டி; போன பொங்கலுக்கு எடுத்தது, ஒரு முறைதான் கட்டினார். கூடத்தில் கிடத்தவில்லை, படுத்திருந்த அறையிலிருந்து நேராக. சுகாதாரத் துறையில் அப்படித்தான் சொன்னார்கள். மற்றவை வழக்கப்படி.

மார்த்தாள் வந்துவிட்டாள். கேட்டுக்கு வெளியே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாம்மா, இப்டி எளச்சிப் பூட்டீங்க, காத்துல பறந்துடப் போறீங்க" என்றாள். அதற்கு அப்புறம்தான் அழுதாள். அவளுக்கு எதையும் அந்த வரிசையில்தான் செய்ய வரும்.

மளிகை, உத்திரமேரூர் அஹமது பாட்சா கடையிலிருந்துதான் இன்னமும் வருகிறது. அவர் மகன் காசிம் பையைக் கேட்டில் மாட்டிவிட்டு மணியடிப்பான். முன்பெல்லாம் சீட்டைப் பார்த்துச் சாமானை அவன் எதிரிலேயே சரிபார்ப்பேன். இப்போது மணி அடித்தால் உடனே எழுந்திருப்பதில்லை. ஸ்கூட்டர் போன பிறகு போய் எடுத்துக்கொள்கிறேன். மார்த்தாள் கேட்டாள், அந்த பாய் ஏதாவது வம்பு பண்ணினாரா என்று. இல்லை என்றேன்.

உன் கடிதத்தில் ஐந்து இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. நம் கான்வென்ட் மதர் பெர்னதெத் இருந்தால் சனிக்கிழமை முழுவதும் திருப்பி எழுத வைத்திருப்பார்.

தாயாரம்மாள்


பிலாய்
30 ஆகஸ்டு 2021

அன்புள்ள அண்ணிக்கு,

முழங்கால் அப்படியே; மற்றபடி நலம். உங்களுக்கு இனிப்புத் தெரிய ஆரம்பித்துவிட்டதா? வினோத் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு இரண்டு நாள் படுத்தான்.

இத்துடன் தனிப் பார்சலில் எட்டு முழ வேட்டியும் துண்டும் வருகிறது. இங்குள்ள தமிழ்க் கடையில் சொல்லி வரவழைத்தேன். பொட்டலத்தின் மேல் 'கொள்ளி வைத்தவருக்கு' என்று எழுதியிருக்கிறேன். நீங்களே உங்கள் கையால் கொடுங்கள்.

ஒற்றுகளை இந்த முறை எண்ணிப் போட்டிருக்கிறேன். ஆனால் அண்ணி, நான் கேட்டதில் இரண்டுக்குப் பதில் விட்டுப்போயிற்று. தூக்கினது யார்? தண்ணீர் யார் கொடுத்தார்கள்? எனக்கு அந்தக் காட்சியை முழுதாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான்.

குமுதா


பிலாய்
18 அக்டோபர் 2021

அண்ணிக்கு,

பார்சல் வந்ததா? உடம்பு எப்படி? ஏழு வாரமாக ஒரு வரி இல்லை. மோகன்குமாருக்குப் போன் செய்தேன், பெரியம்மா நன்றாக இருக்கிறார் என்றான். இரண்டு வரி போதும்.

குமுதா


திருப்புலிவனம்
21 நவம்பர் 2021

அன்புள்ள குமுதாவுக்கு,

நோய் ஒன்றும் இல்லை. எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நாள் முழுவதும் வேலை செய்தவள் போல அலுப்பு. செய்கிற வேலை என்று பார்த்தால் எதுவும் இல்லை. இனிப்பு தெரிகிறது. அதனால் பெரிய மாறுதல் ஒன்றும் ஏற்படவில்லை.

பார்சல் வந்தது. நல்ல வேட்டி. பீரோவில் வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.

இங்கே விடாத மழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது. கூடத்துக் கூரையில் ஒரு மூலை ஒழுகுகிறது, அண்டா வைத்திருக்கிறேன். காதுக் கருவியைக் கழற்றிவிட்டால் மழையும் இல்லை, அண்டாவும் இல்லை.

போன வாரம் மோகன்குமார் வந்தான். பழமெல்லாம் வாங்கி வந்தான். கிணற்றடி நிலத்தைத் தன் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் நல்லது என்றான். "பெரியப்பாவுக்குக் கொள்ளி வெச்சவன் நானு. நாளைக்கி ஒங்களுக்கும் நான்தான வெக்கணும், பெரிம்மா?" என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்புகிறவன் பேசுகிற மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பெரியப்பாவின் தலை அன்று எவ்வளவு கனமாக இருந்தது என்றுகூடச் சொன்னான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவன் போன பிறகு வெகு நேரம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

குளிர் வருகிறது, காலுக்குக் கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொள்.

தாயாரம்மாள்


பிலாய்
2 ஜனவரி 2022

அன்புள்ள அண்ணிக்கு,

சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இங்கே காலையில் கை விறைக்கிறது. எழுத்துக் கோணலுக்கு அதுதான் காரணம், மதரிடம் சொல்லிவிடுங்கள். கூரையைச் சரிசெய்தீர்களா? சாப்பிடுகிறீர்களா? 'எழுதத் தோன்றவில்லை' என்று நீங்கள் எழுதியதை நான் நான்கு முறை படித்தேன்.

மோகன்குமார் எனக்கும் போன் செய்தான். பூர்வீக நிலம் என்பதால் எனக்கும் அதில் பங்கு இருக்கிறதாம். விட்டுக்கொடுத்து ஒரு கையெழுத்துப் போட வேண்டுமாம். "அத்தை, கொள்ளி வெச்ச கை இது, கேக்குது" என்றான். எனக்கு நிலம் வேண்டாம். பிலாயில் உட்கார்ந்துகொண்டு கிணற்றடியில் நான் என்ன நடப் போகிறேன்? ஆனால் நிலத்தைக் கேட்கவில்லை அவன், அந்தக் கையைச் சொல்லிக் கேட்கிறான். அதனால்தான் உங்களைக் கேட்காமல் போடக் கூடாது என்று இருக்கிறேன்.

கான்வென்ட்டில் எட்டாம் வகுப்பில் உங்களுக்குக் கணக்கில் இரண்டு மார்க் கூடுதலாகக் கூட்டிவிட்டார்கள். நீங்கள் எழுந்துபோய்த் திருத்திக்கொண்டு வந்து, அதனால் முதல் இடம் போய், ஒரு வாரம் யாருடனும் பேசாமல் இருந்தீர்கள். அந்தப் பெண்ணை என் அண்ணனுக்குக் கட்டிவைக்க வேண்டும் என்று வீட்டில் அழுதவள் நான்தான். இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஒரே கேள்வி. நான் கையெழுத்துப் போடலாமா? போடு என்றால் போட்டுவிடுகிறேன். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

குமுதா


திருப்புலிவனம்
6 மார்ச் 2022

குமுதாவுக்கு,

போடாதே.

இந்த ஒரு சொல்லை எழுத இரண்டு மாதம் ஆயிற்று. உடம்பு நன்றாக இருக்கிறது. உன் முழங்காலைப் பற்றிக் கடைசியில் கேட்கிறேன்; இப்போது குறுக்கே வேறு எதையும் எழுதினால் நிறுத்திவிடுவேன்.

மோகன்குமார் கொள்ளி வைக்கவில்லை. எனக்கும் அன்று நூற்று இரண்டு காய்ச்சல். விடிந்ததும் கேட்டுக்குப் போய் நின்றேன். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. நான்காவது வீட்டு மாடியில் மோகன் நின்றான். கூப்பிட்டேன். "பெரிம்மா, வூட்ல சின்னக் கொயந்தைங்க கீது" என்றான். பொய் இல்லை. இருக்கின்றன, இரண்டு. பிறகு மாடிக் கதவு சாத்திக்கொண்டது. மற்ற பங்காளி வீடுகளில் மாடியில் நிற்கவும் ஆள் இல்லை.

ஏழு மணிக்குக் காசிம் மளிகைப் பையோடு வந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினான். நான் ஒன்றும் கேட்கவில்லை, குமுதா. உதவி செய் என்றுகூட என் வாயிலிருந்து வரவில்லை. அவனே, "ஐயா பூட்டாரா?" என்றான். தலையை ஆட்டினேன். ஒரு மணி நேரத்தில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான், எல்லோரும் அவர்கள் பள்ளிவாசல் தெருக்காரர்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் பிளாஸ்டிக் உடை. இந்த வீட்டுக்குப் பதினைந்து வருடமாகச் சாமான் கொண்டுவருகிறவன், அன்றுதான் முதல் முறையாக உள்ளே வந்தான். அப்போதும் வாசற்படியில் நின்று, வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தான்.

பச்சைக் கரை வேட்டியை நான் எடுத்துக் கொடுத்தேன். கட்டியது அவன். தூக்கியது அந்த நான்கு பேர். வண்டியில் ஏற்றும்போது, "யாரும்மா கொள்ளி வெக்கிறது?" என்று கேட்டான். நான் நான்காவது வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தேன். பிறகு, "யாராச்சும் வையுங்க" என்றேன். நாற்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்த மனிதருக்கு நான் சொன்ன கடைசிச் சொல் அது. யாராச்சும்.

போகும்போது உன் அண்ணனுடைய போனைக் கேட்டான். ஏன் என்று கேட்கத் தெம்பில்லை. கொடுத்தேன்.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தார்கள். பிளாஸ்டிக் உடைகளை அங்கேயே கொளுத்திவிட்டு வந்திருந்தார்கள். சட்டையெல்லாம் பிழிந்து எடுத்ததுபோல் நனைந்திருந்தது. காசிம் என்னமோ சொன்னான். முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்தது எனக்குப் பிடிபடவில்லை. கையைக் குவித்து வாய்க்கு நேராகக் காட்டினான். தண்ணீர்.

உள்ளே போனேன். அலமாரியில் உன் அண்ணனின் வெள்ளிச் சொம்பு இருந்தது. விருந்தாளிகளுக்கான டம்ளர்கள் இருந்தன. பின்கட்டில் அந்த ஒற்றை எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அது வெளி ஆட்களுக்கு. காசிம் சாமான் கொண்டுவந்த முதல் நாளே, தூக்கிக் குடி என்று சொல்லித்தான் அதில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டாம் முறை சொல்ல வேண்டி வந்ததில்லை. அன்று நான் அலமாரிக்கு முன்னால் நின்றேன். எதில் கொடுப்பது என்று யோசித்தேன். என் புருஷனைத் தூக்கிக்கொண்டு போய் எரித்துவிட்டு வந்தவன் வாசலில் நிற்கிறான், நான் பாத்திரம் யோசித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் எடுத்தது பின்கட்டு டம்ளரைத்தான். வெளியே வந்தால் யாரும் இல்லை. போன் மட்டும் கேட்டுத் தூண்மேல் இருந்தது.

நீ தண்ணீரைப் பற்றி இரண்டு முறை கேட்டாய்.

பதினாறாம் நாளன்று மோகனுடைய மாமனார், கொள்ளி வைத்தது யார் என்று சபையில் கேட்டார். யாரும் வாய் திறப்பதற்குள் நான், "மோகன்தான்" என்றேன். என் புருஷன் அநாதையாகப் போனார் என்று ஒருவர் நாக்கிலும் வரக் கூடாது, அவ்வளவுதான் அப்போது தோன்றியது. மோகன் குனிந்தபடி அழுதான். உருமா கட்டினார்கள். அன்றிலிருந்து அவன் அந்தப் பொய்க்குள் குடியேறிவிட்டான். இப்போது அதற்குப் பட்டா கேட்கிறான். கட்டிக் கொடுத்தவள் நான்.

இரண்டு மார்க்கைத் திருத்திக்கொண்டு வந்தவளை நீ நினைவுபடுத்தினாய். அவள் இங்கே இல்லை. இதைப் படித்த பிறகு நீ எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

தாயாரம்மாள்


பிலாய்
24 மார்ச் 2022

தாயாரு,

இந்த ஒரு கடிதத்துக்கு நான் உன் நாத்தனார் இல்லை. கான்வென்ட்டில் பக்கத்துக் கட்டில்காரி. அதனால் அண்ணி என்றும் நீங்கள் என்றும் எழுதப் போவதில்லை. முழங்கால் இருக்கிறது.

கொள்ளி வைத்தது மோகன் இல்லை என்று எனக்கு முதலிலேயே தெரியும்.

அன்று காலை பத்து மணிக்கு என் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் 'அண்ணன்' என்று வருகிறது. அண்ணன் போய்விட்டார் என்று ஆறு மணிக்கே செய்தி வந்துவிட்டது, பத்து மணிக்கு அவரே கூப்பிடுகிறார். வினோத் பயந்துபோய்ப் போனைப் பிடுங்கப் பார்த்தான். நான் கொடுக்கவில்லை. முகம் தெரியும்படி வைத்துப் பேசுகிற அழைப்பு. வெள்ளை உடையில் ஒருவர், கண்ணாடிக்குள் கண் மட்டும் தெரிந்தது. "அம்மா, நீங்க ஐயாவுக்குத் தங்கச்சியா? இதுல தங்கச்சின்னு போட்டுகீது. வூட்லேர்ந்து யாரும் வரல, நீங்களாச்சும் பாத்துக்கோங்க" என்றார். போனை இன்னொருவர் கையில் கொடுத்தார். எல்லாவற்றையும் பார்த்தேன். வெட்டியான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு வைக்கச் சொன்னார், அப்படியே வைத்தார். வைத்துவிட்டுத் தள்ளி வந்து, இரண்டு கையையும் மார்புக்கு நேராக ஏந்திக்கொண்டு சற்று நேரம் நின்றார். மோகனுக்கு அப்படி நிற்கத் தெரியாது.

உன் முதல் கடிதம் வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். வேட்டியை மோகன் பேர் போட்டு அனுப்பாததும் அதனால்தான். யாருக்கு என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும் என்று தெரியும்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? பாஸ் கிடைக்கவில்லை என்று எழுதினேனே. கிடைத்தது. வினோத் மே பதினெட்டாம் தேதியே வாங்கிவிட்டான், காரும் பேசிவிட்டான். அண்ணன் மூச்சு வாங்குகிறார் என்று உன் கடிதம் இல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது, மோகன் சொல்லியிருந்தான். பெட்டிகூடக் கட்டினேன். கட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது, தாயாரு. இந்த வயதில் எனக்கு இன்னும் என்ன பாக்கி இருக்கிறதென்று அவ்வளவு பயம், தெரியவில்லை. வண்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். மோகன் மாடிக் கதவைச் சாத்தினான் என்று எழுதினாய். என் கதவு இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் அவனை ரொம்பவும் வையாதே. நிலத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். வேட்டியை உரியவரிடம் கொடு. வைகாசியில் வருஷத் திதி வருகிறது.

குமுதா


திருப்புலிவனம்
10 ஜூன் 2022

அன்புள்ள குமுதாவுக்கு,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம், செய்துவிட்டு எழுத வேண்டும் என்று இருந்தேன். உடம்பில் குறை ஒன்றும் இல்லை, கோடை கடுமை. கூரை சரிசெய்தாகிவிட்டது. உன் பயத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதற்கு மார்க் போடுகிற இடத்தில் நான் இல்லை.

ஏழாம் தேதி திதி. பங்காளிகள் இந்த முறை இருபத்தைந்து பேர் வந்தார்கள். நோய் போய்விட்டது அல்லவா. காரியம் செய்ய வந்தவர், கொள்ளி வைத்தவர் வந்து உட்காரட்டும் என்றார். மோகன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தான். நான் காதுக் கருவியைச் சரியாக வைத்துக்கொண்டு சொன்னேன்: "மோகன், நீ ஒக்காரு. தம்பி மகன்னு ஒக்காரு. கொள்ளி வெச்சது நீ இல்ல." பிறகு யார் என்று சொன்னேன். அவர்கள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன், பதினாறாம் நாள் பொய் சொன்னது நான் என்று.

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. கருவி பழுதாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு மேலண்டை வீட்டுப் பெரியவர் சொன்னார்: "பாய் வூட்டுப் புள்ளையா வெச்சான்? அதுக்கு வெக்காமலே இருந்திருக்கலாம்."

"வெக்காமதான இருந்தீங்க" என்றேன்.

பின்னால் மார்த்தாள் சிரித்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டும் அடங்கவில்லை. பெரியவர் எழுந்து போனார். அவரோடு ஆறேழு பேர் போனார்கள். மீதிப் பேர் சாப்பிட்டார்கள். மோகன் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான். முடித்துவிட்டுக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அருகில் போனேன். "எல்லார் எதிர்லயும் சொல்லணுமா பெரிம்மா?" என்றான். பொய்யையும் எல்லோர் எதிரிலும்தானே சொன்னேன் என்றேன். கோபமாகத்தான் போனான். ஆனால் பந்தி இலைகளை எடுத்துவிட்டுத்தான் போனான். நிலப் பேச்சை இனி எடுப்பான் என்று தோன்றவில்லை. எடுத்தால் நிலமாகக் கேட்கட்டும், பேசிக்கொள்ளலாம்.

காசிமுக்கு மார்த்தாளிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். கும்பல் கலைந்த பிறகுதான் வந்தான். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சாமான்ல எதனா கொறயுதாம்மா?" என்று கேட்டான். ஒரு வருடமாக என் முகத்தைப் பார்க்காதவன் வேறு என்ன கேட்பான்?

உள்ளே வரச் சொன்னேன். கூடத்தில் நாற்காலி போட்டிருந்தேன். நுனியில் உட்கார்ந்தான். நீ அனுப்பிய பொட்டலத்தைப் பிரிக்காமலே கொடுத்தேன், உன் எழுத்து தெரிய வேண்டும் என்று. வெகு நேரம் அதைப் படித்தான். இரண்டே சொல்தான். "எனக்கு இன்னாத்துக்கும்மா?" என்றான். ஐயாவின் தங்கை அனுப்பியது, அன்று போனில் பார்த்தவர் என்றேன். "அவங்க அயவே இல்லமா. அப்டியே பாத்துக்கினு இருந்தாங்க" என்றான். உருமா கட்டட்டுமா என்று கேட்டேன். அது உங்கள் சடங்கு, வேட்டி போதும், பக்ரீதுக்குக் கட்டிக்கொள்கிறேன், வகிதாவிடமும் காட்டுகிறேன் என்றான். வகிதா அவன் மனைவி. எனக்கு இதுவரை அந்தப் பெயர் தெரியாது.

பிறகு நான் அலமாரிக்குப் போனேன். இந்த முறை நிற்கவில்லை. உன் அண்ணனுடைய வெள்ளிச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவன் கையில் கொடுத்தேன். ஒரு வருடம் தாமதமான தண்ணீர் என்று சொல்ல நினைத்தேன், வரவில்லை. அவன் சொம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையை அண்ணாந்து உயரத் தூக்கினான்.

"வாய் வெச்சுக் குடிப்பா" என்றேன்.

"பரவால்லமா. இந்த வூட்ல இப்டியே பயகிப் போச்சு" என்றான். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, குமுதா. அவனுக்கு அதில் ஒன்றுமே இல்லை. அவ்வளவு பெரிய சொம்பு, முழுவதையும் குடித்தான். ஒரு சொட்டுக்கூடத் தரையில் சிந்தவில்லை.

மழைக்கு முன் வந்துவிடு. ரயில் ஓடுகிறது.

தாயாரு